சோலைமலை மாஸ்டர் அபிசீனியா போன கதை

ஹட்டன் பசாரில் இருக்கிற என் தையல் கடைக்கு வந்து, "பைஸர் நானா, வெளிநாட்டுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கப் போறேன், ஒரு கோட்டு தைச்சுத் தாங்க" என்று எவனாவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். உடனே அளவு எடுக்கமாட்டேன். முதலில் ஸ்டூலில் உட்காரவைத்து, "பொண்டாட்டி இருக்காளா? கலியாணம் பதிஞ்சாச்சா?" என்று கேட்பேன். கோட்டு கேட்டு வந்தவனிடம் கலியாணப் பதிவைக் கேட்கிறானே, மண்டை பிசகிவிட்டதா என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அப்படி ஒரு கோட்டை என் கையால் தைத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தக் கோட்டைப் போட்டவர் சோலைமலை மாஸ்டர். வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளருக்குக் கட்டின லயத்து வரிசையில், ஒரு காம்பராவில் பிறந்தவர். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகனை ஹட்டனுக்கு இங்கிலீஷ் படிக்க அனுப்பினார்கள். படித்து முடித்தவருக்குக் கிடைத்தது அதே தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஐந்து வகுப்பு, ஐந்துக்கும் அவர் ஒருவரே மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹட்டனுக்கு வருவார். என் கடையில் உட்கார்ந்து பசார் ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். புத்தகம் கிடையாது. தையற்காரனான என்னை ஊசி, கத்தரி, கை, கழுத்து என்று என் தொழிலை வைத்தே பேசவைப்பார். முடி வெட்டுகிறவர் முடியைப் பற்றிப் பேச வேண்டும், ரொட்டி சுடுகிறவர் மாவைப் பற்றிப் பேச வேண்டும். உளறினாலும் சிரிக்கமாட்டார். "வாயைத் தொறந்துட்டீங்கள்ல நானா, பாதி முடிஞ்சிருச்சு" என்பார். ஒரு தடவை ஒரு துரை கடைக்கு வந்து, கால்சட்டை சுருங்கிப் போச்சு என்று குதித்தார். நான் இங்கிலீஷிலேயே சொன்னேன், கால்சட்டை சுருங்கவில்லை துரை, நீங்கள்தான் பெருத்துவிட்டீர்கள் என்று. துரையே சிரித்துவிட்டார். என்னை அப்படிப் பேசவைத்த மனுசனுக்கு எந்த ஊரிலும் படிப்பிக்க முடியும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த நாட்டில் முடியாது. நாற்பத்தெட்டில் இலங்கையில் வந்த சட்டம், பூட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்களைப் பிரஜைகள் இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. பட்டணத்துப் பள்ளிக்கு மனுப் போட்டால் முதல் கேள்வியே, "நீ பிரஜையா?" அதோடு கதை முடிந்தது. பிறந்த மண்ணில் நின்றுகொண்டு எந்த ஊர்க்காரன் என்று பதில் சொல்ல முடியாத நிலை. ஹட்டனைத் தாண்டினால் கண்டி, அதற்கு அப்பால் போயிராத, தோட்டத்து ஆள் இல்லாத எனக்கு நாளைக்கே பாஸ்போர்ட் கிடைக்கும். அவருக்குக் கிடைக்காது. இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

மாஸ்டரின் பெண்டாட்டி பெயர் ராக்காயி. கொழுந்து எடுப்பவள். கை வேகத்துக்குக் கொஞ்சமும் குறையாத வாய். மாஸ்டர் அவளுக்கும் இங்கிலீஷ் படிப்பிக்கப் பார்த்தார். "கொழுந்துக்கு இங்கிலீஷுல பேரு சொன்னா நிறுவையில ஒரு றாத்தல் கூடப் போடுவாங்களாக்கும்?" என்று கேட்டு அவரை மடக்கிவிட்டாள். சட்டம் வந்த அதே வருசம்தான் அவர்களுக்குக் கலியாணம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, லயத்து ஆட்களுக்கெல்லாம் சோறு போட்டார்கள். பதியவில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் எவர் பதிந்தார்? அம்மன் சாட்சி, ஊர் சாட்சி, போதாதா என்பார்கள்.

தலைப்பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். ராக்காயியின் தாய் அதற்கு முன்பே இந்தியாவுக்குத் திரும்பி, முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். ஏழாம் மாதம் வளையல் போட்டு ராக்காயியை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை பிறந்தது, அழகம்மா என்று பேர் வைத்தார்கள். சரி, திரும்பி வர வேண்டியதுதானே? பேத்தியின் முதல் முடியைக் குலதெய்வத்துக்கு இறக்காமல் கடல் தாண்ட விடமாட்டேன் என்று கிழவி ஒற்றைக்காலில் நின்றார். அந்த முடியை மாசித் திருவிழாவில்தான் இறக்குவார்கள். மாசி வந்தது, பங்காளி ஒருவர் செத்துப்போனார். தீட்டு. தீட்டோடு சாமி வாசலை மிதிக்கக்கூடாது. அடுத்த மாசிக்குக் காத்திருந்து, மொட்டை போட்டு, காது குத்தி, அதற்குப் பிறகு மண்டபம் முகாம் வழியாகத் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். போய் வர ஒரு வருசத்துக்கு மேலே ஆகிவிட்டது. லயத்தில் யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே.

அந்த இடைவெளியில்தான், குடும்பத்தோடு தொடர்ந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. மாஸ்டர் ஹட்டனில் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனார். பெண்டாட்டி இந்தியாவில் இருக்கிறாள் என்றதும் அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பதியாத கலியாணத்தை எதுக்கு எழுதப் போறீங்க? தனி ஆள்னு போடுங்க, சுருக்கா முடியும்" என்றார். மாஸ்டரும் தலையை ஆட்டினார். சுருக்காக முடியவில்லை. அந்த மனு பத்து வருசம் எங்கேயோ கிடந்து தூங்கியது.

அறுபதாம் ஆண்டு பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. எத்தியோப்பியா என்கிற நாட்டுக்கு இங்கிலீஷ் மாஸ்டர்மார் தேவையாம். எங்கள் பக்கம் அதை அபிசீனியா என்பார்கள். மாஸ்டர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"நானா, ஒரு கோட்டு வேணும். குடும்பத்துக்கு வீடும் தர்றாங்களாம். ராக்குவையும் பாப்பாவையும் இந்தக் காம்பராவுலருந்து தூக்கிக்கிட்டுப் போயிருவேன் நானா!"

சாம்பல் நிறத் துணியில் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனார். நேர்முகத்தில் ஒரு வெள்ளைக்காரரும் அந்த நாட்டுக்காரர் ஒருவரும் இருந்தார்களாம். புத்தகமே இல்லாத ஊரில் எப்படிப் படிப்பிப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் என் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், ஊசியும் மாவும் முடியும்தான் எனக்குப் புத்தகம் என்று. இரண்டு பேரும் எழுந்து கை கொடுத்தார்களாம். அன்றைக்கு எங்களுக்கு ஒரே பெருநாள்தான். ரொட்டிக் கடைக்காரர் கண் கலங்கி, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார்.

பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். மாஸ்டர் ஓடாத சர்க்கார் கந்தோர் இல்லை. கடைசியில் தூங்கிக் கிடந்த மனு எழுந்து உட்கார்ந்தது. விசாரணைக்கு வரச் சொல்லி நுவரெலியாவிலிருந்து கடிதம் வந்தது. கூடவே ஒரு வெடியும் வைத்திருந்தார்கள். தனி ஆள் என்று எழுதியிருக்கிறாய், உன் காம்பராவில் ஒரு பெண்ணும் பிள்ளையும் இருப்பதாகத் தகவல், அவர்களையும் கூட்டிக்கொண்டு வா.

மனு எழுதிக் கொடுத்த ஆளிடம் மறுபடி போனோம். அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்: "பொண்டாட்டின்னா, அவங்க ஒரு வருசத்துக்கு மேல இந்தியாவுல இருந்தது வெளிய வரும். தொடர்ந்து இங்க குடியிருக்கல்லன்னு ஒங்க மனுவைத் தள்ளிருவாங்க. பொண்டாட்டி இல்லேன்னா பாஸ்."

அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க எழுந்தேன். மாஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு மாசித் திருவிழா, ஒரு பங்காளியின் சாவு, கிழவியின் பிடிவாதம், எல்லாம் சேர்ந்து அவர் கழுத்தில் விழுந்துவிட்டது.

முடிவெடுத்தது ராக்காயி. அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு அவளே கடைக்கு வந்தாள்.

"நானா, நான் இவங்க பொண்டாட்டி இல்லேன்னு சொல்லிர்றேன். சோறாக்கிப் போடுறவன்னு சொல்றேன். காயிதத்துல இல்லாத கலியாணந்தானே, காயிதத்துல இல்லேன்னு சொன்னா என்னா?"

"தங்கச்சி, வெளையாட்டா இது? வேணாம்" என்றேன். "பொய் சொல்லப் போறது சர்க்கார்கிட்ட. நாளைக்கு அதத் திருப்பி எடுக்க முடியாது. மாஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்க!"

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய் ஒரு கான்ட்ராக்ட் முடிச்சு, திரும்பி வந்து கலியாணத்தப் பதிஞ்சு, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன் நானா. வேற வழி தெரியல" என்றார்.

"எம்மக கொழுந்துக் கூடை தூக்கக்கூடாது நானா. அதுக்கு நான் எதையும் சொல்லுவேன்" என்றாள் ராக்காயி.

கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? கழற்றமாட்டேன், தலையே போனாலும் கழற்றமாட்டேன் என்றாள். அதனால் இந்தியாவில் ஒரு புருசனை உண்டாக்க வேண்டியதாயிற்று. முசிறியில் இருக்கிறான், விட்டுவிட்டான் என்று. அழகம்மாவுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். அப்பா என்று கூப்பிடக்கூடாது, மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் பழக்கினார்கள். கெட்டிக்காரப் பிள்ளை. ஒரு வாரத்தில் பிசகாமல் கூப்பிட்டது. இங்கிலீஷ் படிப்பித்த மாதிரியே அந்த மனுசன் இதையும் படிப்பித்தார். யா அல்லாஹ், எந்தத் தகப்பனுக்கும் அந்தப் பாடம் வரக்கூடாது.

விசாரணை நாளில் மாஸ்டரைத் தெரிந்தவன் என்று சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் கேட்டது, எவ்வளவு காலமாகத் தெரியும் என்பது மட்டும்தான். அவர் ஹட்டனில் படித்த காலத்திலிருந்து என்றேன், ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அடுத்து ராக்காயி. அதிகாரி சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். யார் நீ? சோறாக்கிப் போடுறவங்க. புருசன்? இந்தியாவுலங்க, முசிறிப் பக்கம். பழக்கியபடியே எல்லாம் போனது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டே என்னமோ சொன்னார்.

"கலியாணங் கட்டாத ஆம்பள வீட்டுல, புருசன் கூட இல்லாத பொம்பளைக்கு என்னா வேலைன்னு ஐயா கேக்குறாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை. ராக்காயியின் முகம் சுண்டிப்போனது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். தலையை நிமிர்த்தினாள்.

"தப்பா ஒண்ணுமில்லீங்க. அவங்க எனக்கு அண்ணன் முறை."

தாலி கட்டினவனை, தன் பிள்ளையின் தகப்பனை, சபையில் வைத்து அண்ணன் என்று சொல்லிவிட்டாள். அதிகாரி பிள்ளையின் பக்கம் திரும்பினார். இவர் யார் என்று கேட்டார். அழகம்மா தாயை ஒரு பார்வை பார்த்தது. மாஸ்டர் என்று பழக்கிவைத்த பிள்ளை, தாய் அண்ணன் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு சட்டென்று சொன்னது.

"மாமா."

அதிகாரி மாஸ்டரைப் பார்த்து, அப்படித்தானா என்று இங்கிலீஷில் கேட்டார். பசார் முழுக்க வாய் திறக்கவைத்த மனுசன்! வாய் திறக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? "எஸ் சார்." அவ்வளவுதான். மூன்று பேரும் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கீழே பெருவிரலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் ராக்காயி குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள். மாஸ்டர் கிட்டப் போனார்.

"மானத்தோட சொல்றதுக்கு வேற ஒண்ணுங் கெடைக்கலீங்க" என்றாள். முகத்தைத் திருப்பவே இல்லை.

பிரஜாவுரிமை கிடைத்தது, பாஸ்போர்ட்டும் கிடைத்தது. அறுபத்தொன்றில் மாஸ்டர் என் கோட்டைப் போட்டுக்கொண்டு கப்பல் ஏறினார். கடிதங்கள் என் கடைக்கு வரும். ராக்காயி வந்து உட்காருவாள், நான் படிப்பேன். ஜிம்மா என்கிற ஊராம். நுவரெலியா மாதிரிக் குளிராம். ஊரைச் சுற்றிக் கோப்பிக் காடாம். "நம்ம பூட்டன்மாரு தேயிலைக்கு முந்தி இலங்கைக்கு வந்தது இந்தச் செடிக்குத்தான் ராக்கு, நான் இப்பத்தான் பாக்குறேன்" என்று எழுதியிருந்தார். கோப்பிக்கொட்டையைக் கையில் கொடுத்தே பிள்ளைகளைப் பேசவைத்தாராம். மற்ற மாஸ்டர்மார் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். இரண்டாம் வருசம் இங்கிலீஷ் பகுதிக்கே அவரைத் தலைவராக்கினார்கள். வீடும் கொடுத்தார்கள். ஜன்னல் உள்ள வீடு, பாப்பாவுக்குத் தனி அறை என்று எழுதியிருந்ததை ராக்காயி மூன்று தடவை படிக்கவைத்தாள். ஒரு மனுசன் பிழைத்துவிட்டான் என்று நானும் சந்தோசப்பட்டேன். முட்டாள்.

அறுபத்துநான்கில் இந்தியாக்காரர்களும் இலங்கைக்காரர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று, சந்தையில் ஆடு பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள். புருசன் இந்தியாவில் இருக்கிறான் என்று தன் வாயாலேயே சொன்னவள் எந்தப் பக்கம் போவாள்? ராக்காயியையும் மகளையும் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்போவதாகத் தெரிந்தது.

நான் எழுதினேன், மாஸ்டர் லீவு போட்டு ஓடிவந்தார். ஹட்டன் ஸ்டேசனில் நாங்கள் காத்திருந்தோம். அழகம்மா சேலை கட்டிய குமரியாகிவிட்டாள். கோட்டோடு இறங்கினவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு எட்டு ஓடினாள். பிளாட்பாரத்தில் ஆட்கள் நின்றார்கள், பொலிஸ்காரர் ஒருவரும் நின்றார். சட்டென்று நின்றுவிட்டாள்.

"வாங்க மாமா" என்றாள்.

மாஸ்டர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாளே கலியாணம் பதியப் போனோம். விவரத்தைக் கேட்ட பதிவுகாரர் நல்ல மனுசன், அதனால்தான் பொலிஸுக்குச் சொல்லாமல் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சொன்னது பொய் என்று இப்போது ஒத்துக்கொண்டால் மாஸ்டரின் பிரஜாவுரிமை போகும், பாஸ்போர்ட் போகும், வேலை போகும், சிறைக்கும் போகலாம். பொய் இல்லை என்றால் அண்ணன் தங்கையைக் கட்ட முடியாது. அதுவுமில்லாமல் அவளுக்குப் புருசன் இருக்கிறான். சரி, இந்தியாவுக்குப் போன பிறகு அங்கே கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அங்கயும் இந்தப் பேப்பர்தான் போகும். மொதப் புருசன் செத்ததுக்கு அத்தாட்சி கேப்பாங்க" என்றார் வக்கீல்.

முசிறியில் இருக்கிற அந்தப் புருசன்! பிறக்காத பயல் எப்படிச் சாவான்? எந்தக் கந்தோரில் போய் அவனுக்கு மரணச் சான்றிதழ் வாங்குவது? எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அப்புறம் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

"நான் போய் உண்மையைச் சொல்லிர்றேன்" என்று மாஸ்டர் எழுந்தார். "வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். எம்பொண்டாட்டி, எம்புள்ளன்னு சொல்லிட்டுச் சாவுறேன்."

ராக்காயி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னீங்கன்னா நான் அன்னைக்குச் சொன்னது வீணாப்போயிரும்" என்றாள். "அந்த வார்த்தைய நான் சும்மாவா சொன்னேன்? மூணு பேரும் ஒண்ணாச் சாவுறதுக்கா சொன்னேன்? போங்க. போய் வேலையப் பாருங்க. ஏதாச்சும் ஒரு வழி தொறக்கும்."

எந்த வழியும் திறக்காது என்று அங்கே இருந்த நான்கு பேருக்கும் தெரியும். இங்கே இருந்தாலும் அவருக்கு வேலை இல்லை, அவர்களுக்குச் சோறும் இல்லை. லீவு முடிந்தது. போன வருசம் மழைக்காலத்தில் கொழும்பு ரயிலில் ஏற்றிவிடப் போனோம்.

ரயில் நின்றது. மாஸ்டர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோட்டின் முழங்கை தேய்ந்திருந்தது, ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன், நேரம் கிடைக்கவில்லை. அழகம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராக்காயி தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணனை வழியனுப்ப வந்த தங்கச்சி நிற்கிற தூரத்தில்.

"தாயி" என்றார் மாஸ்டர். "ஒரே ஒரு தடவ அப்பான்னு கூப்பிடு தாயி."

பிள்ளை திரும்பித் தாயைப் பார்த்தது. பிளாட்பாரத்தில் கங்காணி ஒருவரும், கந்தோர்க் கிளாக்கர் ஒருவரும், இன்னும் யார் யாரோ நின்றார்கள்.

ராக்காயி தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

"கூப்பிடு தாயி!" மாஸ்டர் கத்தினார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கூப்பிடச் சொல்லுங்க நானா! நீங்களாச்சும் சொல்லுங்க!"

அழகம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். விசில் அடித்தது. ரயில் றொசல்லப் பக்கம் நகர்ந்தது. அந்தப் பிள்ளை கூடவே பிளாட்பாரம் முடியும்வரை ஓடியது, ஒரு கை ஜன்னலைப் பிடித்தபடி, மறு கை வாயைப் பொத்தியபடி.